புரோசசரை மாற்றியவள்

லப்டொப்பைத் தூக்கிக் கடைக்காரர் முன்னால் வைத்தது நான். அவர் பேசியது என் அண்ணனிடம்.

"என்ன தம்பி பிரச்சினை?"

"புரோசசர் மாத்தவேணும்," என்றேன் நான். "இப்ப இருக்கிறது ரெண்டு கோர். நாலு கோர் உள்ளது போட்டுத் தர ஏலுமோ?"

வவுனியா பஸ் நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருந்த கொம்பியூட்டர் கடை அது. அவர் அண்ணனைப் பார்த்தே சிரித்தார். "லப்டொப்பிலை புரோசசர் மாத்த ஏலாது எண்டு தங்கச்சிக்குச் சொல்லுங்கோ. அது போர்டோடை ஒட்டினது."

புதிய லப்டொப்களுக்கு அது சரி. என்னுடையது பழையது. கார்மென்ட் ஆலையில் என்னோடு துணி தைத்த ஒரு அக்கா வெளிநாடு போகும்போது எனக்கு விற்றுவிட்டுப் போனது. அந்த மொடலில் புரோசசர் ஒரு சொக்கெட்டில் தனியாக உட்கார்ந்திருக்கும். பூட்டை அரைச் சுற்றுத் திருப்பினால் கையோடு வந்துவிடும். பல வாரங்கள் வீடியோக்களைப் பார்த்து, மொடல் இலக்கத்தை வைத்துத் தேடி, இதை உறுதி செய்துகொண்டுதான் நான் கடைக்கே போயிருந்தேன்.

நான் விளையாடுவது லொறி ஓட்டும் கேம். நாள் முழுக்க மெஷினில் குனிந்து கொலர் தைத்துவிட்டு வந்து, பனி கொட்டும் மலைப்பாதையில் பெரிய லொறியை ஏற்றிக்கொண்டு போவதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. ஆனால் லொறி நகரத்துக்குள் நுழைந்தால் போதும், படம் திக்கித் திக்கி நின்றுவிடும்.

"இது பழைய மொடல். இதிலை கழட்டலாம்," என்றேன்.

அப்போதுதான் அவர் முதல் தடவையாக என்னைப் பார்த்தார். "எங்கை வேலை?"

"கார்மென்டிலை."

"எந்த இடம்?"

ஓமந்தைக்கு உள்ளே இருக்கும் எங்கள் கிராமத்தின் பெயரைச் சொன்னேன்.

"ஓ... அந்தப் பக்கமே," என்று இழுத்தார்.

அந்த இழுவை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். எங்கள் குடும்பம் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே வந்தது; எங்கள் ஊரே அப்படி வந்தவர்களின் ஊர். நான் பிறந்ததே வன்னியில்தான். இருந்தும் ஊர்ப்பெயரைக் கேட்டதும் சிலருக்கு வாய் அப்படிக் கோணிவிடும்.

"தைக்கிற பிள்ளைக்கு என்னத்துக்கு கேம்?" என்றார்.

அண்ணனும் சேர்ந்து சிரித்தான். "அதுதான் அண்ணை, நானும் சொன்னனான். கேக்கமாட்டாள்."

வீட்டில் 'ஆமாண்ணே' என்று மலைநாட்டுப் பேச்சுப் பேசுகிறவன் கடை வாசலை மிதித்ததும் 'ஓம் அண்ணை' ஆகிவிடுவான். அதை நான் குறை சொல்லமாட்டேன், நானும் அப்படித்தான். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிளின் பின்னாலிருந்து கத்தினேன். "என்னத்துக்கு அந்தாளுகிட்ட இளிச்ச?"

"நீ ஒன்னும் தெரியாம பேசி மானத்த வாங்குனா வேற என்னா செய்யிறது?"

"எனக்குத் தெரியும்."

"தெரியும்னா நீயே மாத்திக்க."

"மாத்துறேன் பாரு."

கொழும்பிலிருந்து ஒருவர் இணையத்தில் விற்ற நான்கு கோர் புரோசசரை வரவழைத்தேன். ஒரு ஞாயிறு காலை குசினி மேசையைத் துடைத்து, பற்றறியைக் கழற்றி வைத்துவிட்டு, ஸ்குரூக்களை ஒவ்வொன்றாக எடுத்து, எது எங்கே இருந்தது என்று ஒரு தாளில் ஒட்டிவைத்தேன். விசிறிக்குள் தூசி பஞ்சுபோல அடைத்திருந்தது. பழைய புரோசசரைத் தூக்கிவிட்டுப் புதியதை வைத்தேன். எல்லாவற்றையும் பூட்டி பவரை அழுத்தினேன்.

கறுப்புத் திரை. விசிறி மட்டும் சுற்றியது.

அண்ணன் குசினி வாசலில் சாய்ந்து நின்றான். "முடிஞ்சிச்சா? இனி பழைய இரும்புக்காரனுக்குத்தான் குடுக்கணும்."

கையிலிருந்த ஸ்குரூ டிரைவரை அவன்மேல் எறியவில்லை. அது எனக்கு இன்னும் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

முழுவதையும் மறுபடி கழற்றினேன். சொக்கெட்டின் பூட்டை நான் கடைசிவரை திருப்பவில்லை. அதுதான் பிழை. இறுக்கிவிட்டு அழுத்தியபோது திரை வெளிச்சமானது. நான்கு கோர் என்று காட்டியது. கேமைப் போட்டேன். நகரத்துக்குள் லொறி தண்ணீர்போல ஓடியது. சத்தமாகச் சிரித்தேன். அண்ணன் கிணற்றடிக்குப் போய்விட்டான்.

ஆனால் நாற்பது நிமிடத்தில் லப்டொப் சூடேறித் தானாக அணைந்தது. நான்கு கோருக்குச் சூடு அதிகம். சூட்டைக் கடத்த நான் புரோசசருக்கு மேல் பூசியிருந்த தேர்மல் பேஸ்டும் மலிவானது. நல்ல பேஸ்ட் அந்தக் கடையில்தான் இருந்தது. அண்ணன் மோட்டார் சைக்கிளுக்குச் சாமான் வாங்கப் போனபோது நானும் லப்டொப்போடு ஏறிக்கொண்டேன்.

"பேஸ்ட் என்னத்துக்கு?" என்று கேட்டார் கடைக்காரர்.

"புரோசசர் மாத்தினது. சூடாகுது."

அவர் லப்டொப்பைத் திறந்து, திரையில் நான்கு கோர் என்று இருப்பதைப் பார்த்தார். பிறகு என்னைத் தாண்டி, பின்னால் நின்ற அண்ணனைப் பார்த்து, "ஆர் தம்பி மாத்தினது?" என்றார்.

"நான்தான் அண்ணை," என்றான் அண்ணன். "வீட்டிலை வச்சுக் கழட்டினனான்."

"கெட்டிக்காரன். இப்பிடி ஒராள்தான் எனக்குக் கடைக்குத் தேவை."

என் காது இரண்டும் எரிந்தன. வீட்டுப் பேச்சிலேயே, கடையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி கேட்டேன். "எத்தன ஸ்குரூ கழட்டுனேன்னு சொல்லு."

அவன் தரையைப் பார்த்தான்.

"மொதத் தடவ ஏன் வேல செய்யல? சொல்லேன்."

"கடைக்குள்ளை சத்தம் போடாதேங்கோ," என்றார் கடைக்காரர்.

அவர் பக்கம் திரும்பினேன். "நான்தான் மாத்தினனான். மாத்த ஏலாது எண்டு சொன்னது நீங்கள்."

அவர் பேஸ்டை ஒரு பையில் போட்டு மேசையில் தள்ளிவிட்டார். நான் காசை வைத்துவிட்டு, பேஸ்டையும் லப்டொப்பையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்து பஸ் ஏறினேன். அண்ணன் தனியாக வந்து சேர்ந்தான்.

பேஸ்டை மாற்றியபின் லப்டொப் அணைவதில்லை. விசிறி மட்டும் ஆலை மாதிரி இரைகிறது. அண்ணனோடு இரண்டு மாதம் பேசவில்லை. "அந்தாளு முன்னால சும்மா வாயில வந்திருச்சு," என்று அம்மாவிடம் சொன்னானாம். என்னிடம் சொல்லவில்லை. இப்போது பேசுகிறோம், சோறு ஆறுகிறது, தண்ணீர் மோட்டாரை நிறுத்து என்கிற அளவுக்கு. அதற்கு மேல் பேச எனக்கு இன்னும் மனம் வரவில்லை.