நசீமாவின் ஸ்டாக் ஷீட்

ஒரே பிராஜெக்ட் பல பெயர்களில் வந்து விழுந்த அன்று எனக்குத் தலை சுற்றியது. அம்பத்தூரில் ஒரு பயிற்சி நிறுவனத்துக்காக, வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஆன்லைனில் எக்செல் சொல்லிக்கொடுத்து மார்க் போடுவது என் வேலை. அவரவர் தொழிலுக்கு ஒரு ஸ்டாக் ஷீட் தயாரிக்க வேண்டும், அதுதான் பிராஜெக்ட். பியூட்டி பார்லர், தையல் கடை என்று தலைப்பு மட்டும் மாறியிருந்தது. எல்லாவற்றிலும் 'மழையில் நனைந்த சரக்கு' என்று ஒரு தனிக் கட்டம்.

அது நசீமாவுடையது. பூந்தமல்லிக்காரி, திருமழிசையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. அவர்கள் குடோன் கூரை ஒழுகும். அதற்குக் கட்டம் எப்படிப் போடுவது என்று வகுப்பில் கேட்டவள் அவள்தான். ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் நின்றபடி வகுப்பு கேட்பாள். கேமரா போட முடியாது, அதனால் பங்கேற்பு மார்க் பாதாளத்தில். பிராஜெக்ட் கைகொடுத்தால் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால் ஸ்டோர்ஸில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. "நின்னு நின்னு காலு வீங்கிப் போவுது மேம்" என்பாள்.

காப்பி பிடிக்கும் மென்பொருளோ அவளுடையதையும் காப்பி என்றது. கடைசியாக ஏற்றியவள் அவள். போன் செய்தேன்.

"எல்லாரும் கேட்டாங்க மேம், குரூப்புல போட்டுட்டேன். ஒவ்வொருத்திக்கா வீடியோ கால்ல சொல்லிக் குடுத்ததுல நெட்டு தீந்துபோச்சு. மறுநாளு ரீசார்ஜ் பண்ணிதான் என்னுத ஏத்துனேன்."

கோஆர்டினேட்டரிடம் மல்லுக்கு நின்றேன். "பியூட்டி பார்லர்ல எதுக்கு சார் மழையில நனைஞ்ச சரக்கு?"

அவர் சிரித்தார். "புரியுது மேடம். ஆனா முதல்ல வந்ததத்தான் சிஸ்டம் ஒரிஜினல்னு எடுத்துக்கும். நாம கை வெச்சா ஆடிட்ல கேப்பாங்க. விட்டுடுங்க."

முதலில் ஏற்றியவள் பாஸ். மற்றவர்கள் கேமரா போட்டு 'எஸ் மேம்' அடித்த பங்கேற்பு மார்க்கில் கரையேறினார்கள். நசீமா மட்டும் ஃபெயில். ஸ்டோர்ஸுக்கு வேறு ஆள் வந்துவிட்டதாம்.

"அப்போ நான் குடுத்திருக்கக் கூடாதா மேம்?" என்று கேட்டாள்.

அடுத்து வந்த பேட்சுக்கு முதல் வகுப்பிலேயே சொன்னேன், யாருக்கும் ஃபைல் கொடுக்காதீர்கள் என்று. சொன்னபடியே நடந்தார்கள். "இங்க மாட்டிக்கினேன், யாராச்சும் சொல்லுங்கப்பா" என்று ஒருத்தி குரூப்பில் கெஞ்சினாள். எல்லாரும் பார்த்தார்கள், ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. பாதிப் பேர் நடுவிலேயே நின்றுவிட்டார்கள்.

"ஒரு காப்பிகூட இல்லையே, சூப்பர் மேடம்!" என்றார் கோஆர்டினேட்டர்.

இத்தனை வருடத்தில் நான் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றைத்தான்.