கடல் காற்றில் கைடு வேலை

கைடு தொழிலுக்குச் சரித்திரம் தெரிந்திருக்க வேண்டும் என்பது வெளியாட்களின் நம்பிக்கை. உண்மையில் வேண்டியது தொண்டை. வகுப்பில் கத்தும் வாத்தியார்களே, வாசல் வாசலாகப் பேசும் இன்சூரன்ஸ் ஏஜெண்டுகளே, என் அவஸ்தை உங்களுக்குத்தான் புரியும். பந்தியில் சாம்பார் கேட்டால்கூட எட்டாத குரல் என்னுடையது.

ஏகாம்பரம் அண்ணன் சட்டம்

இரண்டாயிரத்துச் சொச்சம். மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கும் கூட்டத்தைக் கைடுகள் வரிசைப்படி பிரித்துக்கொள்வார்கள். புதியவனுக்கு வரிசை கிடையாது. மற்றவர்கள் வேண்டாமென்று விட்ட பார்ட்டிதான். காணும் பொங்கல் வரை அப்படி ஓட்டித் தேறினால் வரிசையில் இடம். தேறாவிட்டால் செங்கல்பட்டில் மாமாவின் மளிகைக் கடையில் புளி நிறுக்கப் போக வேண்டும்.

வரிசையைப் பார்த்துக்கொண்டவர் ஏகாம்பரம் அண்ணன். என் குரலைக் கேட்டதும் முகம் சுளித்தார். "மூணு பார்ட்டி உன்னைப் பாதியில வுட்டுட்டுப் போச்சின்னா, நீயும் பஸ் ஏறிடணும் நைனா. இன்னா, புரிஞ்சுதா? சத்தமா சொல்லு!"

ப்ரூஃப்

முதல் பார்ட்டி, நாவலூர் கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன்கள் ஐந்து பேர். கடற்கரைக் கோயில் முன்னால் நிறுத்தி, வீட்டில் கேட்டு வளர்ந்த கதையை எடுத்துவிட்டேன். மொத்தம் ஏழு கோயில். அழகைப் பார்த்து இந்திரனுக்கே வயிற்றெரிச்சல். அலையை ஏவி ஆறை முழுங்க வைத்துவிட்டான்.

"இதுக்கு ஏதாவது ப்ரூஃப் இருக்கா ப்ரோ?" என்றான் ஒருவன். தாத்தா சொன்னார் என்றேன். ஐந்து பேரும் வறுத்த மீன் வாசனை வந்த திசையில் நடக்க ஆரம்பித்தார்கள். போகும்போது அவன் சொன்னது: "உங்க தாத்தா நம்பர் குடுங்க, அவர்கிட்டயே கேட்டுக்கறோம்."

சாட்சி

இரண்டாவதாகக் கல்பாக்கம் டவுன்ஷிப்பிலிருந்து ஒரு தம்பதி. இந்தத் தடவை சாட்சியோடு தயாராக இருந்தேன். கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த மாசிலாமணியிடம் கூட்டிப்போய், "கடலுக்குள்ள கோயில் கீது இல்ல அண்ணாத்த?" என்று கண்ணடித்தேன்.

அவர் நிமிரவேயில்லை. "வலை மாட்டிக்கினு கிழியற எடம் ஆறு கீது. கோயிலா பாறையான்னு எவன் எறங்கிப் பாத்தான்?"

ஆறு! கணவர் பேனாவை எடுத்துக் குறித்தே விட்டார். மாசிலாமணி அதோடு நிறுத்தியிருக்கலாம். ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு சேர்த்தார்: "போன வருசம் அஞ்சுதான் இருந்துச்சி."

இரண்டாந்தாரம்

அவர்களும் போயாயிற்று. மிச்சம் ஒரே ஒரு வாய்ப்பு. காணும் பொங்கலன்று அச்சரப்பாக்கத்திலிருந்து லாரியில் அறுபது பேர் வந்து இறங்கினார்கள். ஏகாம்பரம் அண்ணன் கடைசி வரிசைக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எங்கே பார்த்தாலும் பீப்பீ சத்தம். அர்ச்சுனன் தபசு எதிரில் வாயைத் திறந்தேன். முதல் வரிசைக்கு மட்டும் கேட்டது.

முதல் வரிசை திரும்பி இரண்டாவது வரிசைக்குச் சொன்னது. இரண்டாவது மூன்றாவதற்கு. ஆளாளுக்குக் கொஞ்சம் உப்பு, கொஞ்சம் புளி. ராஜா பாறையைச் செதுக்கச் சொன்னார் என்று நான் ஆரம்பித்தது, கடைசி வரிசைக்குப் போவதற்குள் ராஜா இரண்டாந்தாரம் கட்டி, மூத்தவள் கோபித்துக்கொண்டு பிறந்த வீடு போய், பாறையில் செதுக்கிய அந்த யானைகள் இளையவளின் சீதனம் என்று ஆகியிருந்தது. அப்போது எனக்கு இது எதுவும் தெரியாது. நான் பாட்டுக்கு முடித்தேன். ஒருவரும் நகரவில்லை. பின்னாலிருந்து ஒரு அம்மா கத்தினார்: "ராசா கெடக்கட்டும் தம்பி, அந்த எளையவ இன்னா ஆனா?"

அப்படி யாருமில்லை என்றால் லாரி கிளம்பிவிடும். இருக்கிறாள் என்றால் சரித்திரம் கிளம்பிவிடும். ஒரு நொடி மாமா கடைப் புளிமூட்டை கண் முன்னால் வந்தது. "கடற்கரைக் கோயிலுக்கு வாங்க, சொல்றேன்" என்றேன்.

அறுபது பேரும் மொட்டை வெயிலில் பின்னாலேயே வந்தார்கள். வேறு வழி தெரியாமல் இளையவளைக் கடலில் இறக்கிவிட்டேன். நாலைந்து பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். ஒருவர் பாதி முறுக்கை அலையில் போட்டுக் கும்பிட்டார்.

ஏகாம்பரம் அண்ணன் என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார். "வரிசைல உன் பேரைச் சேத்துட்டேன் நைனா. அந்தப் பொம்பள பேரு இன்னா? நாளைக்கு என் பார்ட்டி கேக்குமே!"

எங்கள் ஊர்ச் சரித்திரத்தைக் கடல் அரித்தது கொஞ்சம்தான்; மீதியைக் கைடுகள் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.