அம்மா அமர்ந்த பக்கம்

நண்பன் அந்தத் தண்டைப் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிக்கொண்டு வந்து எங்கள் வீட்டு மேசையில் வைத்தான். தாளைப் பிரித்ததும் சிவப்பு வண்ணம் பூசிய உலோகத் தண்டு ஒன்று வெளிப்பட்டது. அதன் இரு முனைகளிலும் துளையிட்ட தகடுகள் இருந்தன.

"அம்மா, இது ஒங்களுக்குத்தான்" என்றான்.

"எனக்கு எதுக்குப்பா? ஜன்னல் சீலை போடவா?" என்று அம்மா கேட்டார். "இவ்ளோ மொத்தமான கம்பியில தொங்கவிட எங்கிட்ட சீலை இல்லையே."

அவன் சிரித்துவிட்டு விளக்கினான். காரின் பொனட்டைத் திறந்தால், எஞ்சினுக்கு இருபுறமும் இரண்டு தகரக் கோபுரங்கள் தெரியும். முன்சக்கரங்களின் அதிர்வைத் தாங்கும் உறுப்புகள் அவற்றின் உச்சியில்தான் பொருத்தப்பட்டிருக்கும். கார் பழசாகும்போது வளைவுகளில் அந்தக் கோபுரங்கள் அசையத் தொடங்கும். இரண்டையும் குறுக்கே ஒரு தண்டால் பிணைத்துவிட்டால் அசைவு குறையும். ஸ்டியரிங் சொன்னபடி கேட்கும். "நீங்க தூங்கிக்கிட்டே ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்றான். அம்மா அவனுக்கு இன்னொரு கோப்பை தேநீர் ஊற்றினார்.

நானும் அவனும் ஒரே காலத்தில் பட்டம் பெற்று, யட்டவத்தவுக்கு மேலேயுள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் ஒன்றாக நியமனம் பெற்றவர்கள். வாகன இறக்குமதி நின்றுபோயிருந்த அந்த ஆண்டுகளில் புதிய கார் எங்களைப் போன்றவர்களின் கனவிலும் வராது. எனவே இருவருமாகச் சேர்ந்து ஒரு பழைய ஜப்பானியக் காரை வாங்கினோம். கார்புரேட்டர் உள்ள கார். குளிர்ந்த காலைகளில் சோக் குமிழை இழுத்துவிட்டு, எஞ்சின் மனம் இளகும்வரை காத்திருக்க வேண்டும். வார நாட்களில் அது என்னிடம் இருக்கும். நான் ஓட்ட, அவன் உடன் வருவான். வார இறுதியில் அது அவனுடையது. அப்போது கல்யாணம், கோவில் என்று வாடகைக்கு ஓட்டுவான். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி உள்ள நாட்களில் மட்டும் வேறு எந்த நியாயமும் செல்லாது, கார் அம்மாவுக்குத்தான்; எனக்குப் பக்கத்தில், இடப்பக்க முன் இருக்கையில் அமர்வார். இந்த ஒழுங்கு முழுவதும் எங்கள் வாய்வார்த்தையில் மட்டுமே நின்றது.

அம்மாவின் சிறுநீரகங்கள் செயலிழந்துவிட்டன. மாத்தளை ஆஸ்பத்திரியில் குறித்த நாட்களில் இரத்தம் சுத்திகரிக்கப்பட வேண்டும். ஒரு முறை தவறினாலும் கால் வீங்கும், மூச்சு முட்டும். ஆட்டோவின் குலுக்கலில் அவர் வாந்தியெடுத்துச் சோர்ந்துவிடுவார். பஸ்ஸில் நிற்க உடம்பில் பலமில்லை. ஆகவே அந்தக் கார் எங்களுக்கு அந்தஸ்துப் பொருளல்ல, அம்மாவின் சிகிச்சையில் ஒரு பாகம். அது நின்றால் என்ன ஆகும் என்று யோசிக்காமல் நான் உறங்கப் போன நாள் குறைவு.

அந்த ஆண்டுச் சித்திரைப் புத்தாண்டுக்கு முன் அவன் காரை ஒரு வாரம் தன்னிடம் வைத்துக்கொள்ளக் கேட்டான். பாடசாலை விடுமுறை, அம்மாவைக் கூட்டிச்செல்ல அவனே ஒரு வேனை ஒழுங்குசெய்து தந்தான். வாரம் முடிந்து திரும்பி வந்த காரின் முன்பகுதி புதிய வண்ணத்தில் பளபளத்தது. புத்தாண்டுக்கு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பதைப் போல வாகனத்துக்கு வண்ணம் பூசுவது எங்கள் பக்கத்து வழக்கம். எனவே எனக்கு ஒரு கேள்வியும் எழவில்லை. கோவில் முன் நிறுத்தி, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். அம்மா இடப்பக்க முன்மூலையில் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்தார். தன் பங்கு வேலைக்கும் மேலாக ஒருவன் செய்திருக்கிறான் என்று ஆசிரியர் அறையில் நான் பெருமையாகச் சொன்னதும் நினைவிருக்கிறது.

அதன் பிறகுதான் கார் வலப்பக்கம் இழுக்கத் தொடங்கியது. இடப்பக்க முன் டயரின் உள்விளிம்பு மட்டும் வழுவழுவென்று தேய்ந்தது. நான் கவலைப்பட்டபோது, "பழைய பாடி மச்சான், தளந்து போச்சு. குறுக்க பார் கம்பி ஒண்ணு போட்டா சரியாயிடும்" என்றான். பழையதாகிவிட்டது என்ற காரணம் எங்கள் ஊரில் எதற்கும் பொருந்தும். நான் ஏற்றுக்கொண்டேன்.

தண்டைப் பொருத்த யட்டவத்த வீதியில் அவனுக்குத் தெரிந்த ஒரு கராஜுக்குப் போனோம். சிங்களமும் தமிழும் கலந்து பேசும் நடுத்தர வயது மெக்கானிக்கை எல்லோரும் பாஸ் என்றே அழைத்தார்கள். பொனட்டைத் திறந்ததும் முதல் சிக்கல் தெரிந்தது. கார்புரேட்டரின் மேல் பெரிய வட்டத் தட்டைப் போல ஏர் கிளீனர் உட்கார்ந்திருந்தது. தண்டு செல்ல வேண்டிய பாதை சரியாக அதற்கு மேலேதான் போயிற்று. தண்டைத் தாழ்த்தினால் தட்டில் இடிக்கும். உயர்த்தினால் பொனட் மூடாது.

"இந்தத் தட்டக் கழட்டி வீசிட்டுச் சின்ன ஃபில்டர் ஒண்ணு வைப்போம்" என்றான் நண்பன்.

"தோட்ட ரோட்டுப் புழுதி முழுக்க கார்புரேட்டருக்குள்ள போகும். நடுவழியில நின்னா அம்மாவ யாரு தூக்கிட்டுப் போறது? வேணாம்" என்றேன்.

பாஸ் தலையாட்டினார். தகடுகளுக்கு அடியில் தடித்த வாஷர்களை வைத்து உயர்த்தி, தட்டின் மூக்கு போன்ற காற்றுக் குழாயைச் சற்றுத் திருப்பி, பொனட்டுக்கு ஒரு விரல் இடைவெளி எஞ்சும்படி செய்தார். ஒவ்வொரு கோபுரத்தின் உச்சியிலும் ஓரத்து நட்டுகளைக் கழற்றினார். நடுநட்டை மட்டும் தொடவே கூடாது, உள்ளே ஸ்பிரிங் அழுந்தி இருக்கிறது என்று எச்சரித்தார். வலப்பக்கத் தகடு இலகுவாக உட்கார்ந்தது. இடப்பக்கத்தில் துளைகளும் போல்ட்டுகளும் சந்திக்கவில்லை. தண்டு நீளமாக இருப்பதைப் போலத் தோன்றியது.

"ஜெக் போட்டு இடப்பக்கத்தத் தூக்குங்க பாஸ்" என்றான் நண்பன்.

சக்கரம் அந்தரத்தில் தொங்கியது. தண்டின் நடுவே திருகு இருந்தது. அதைத் திருப்பினால் தண்டு நீளும், குறுகும். குறுக்கித் தகடுகளை உட்காரவைத்து நட்டுகளை இறுக்கிய பின், நண்பன் தானே ஸ்பனரை வாங்கி எதிர்த்திசையில் திருப்பினான். தண்டு நீண்டு இடக்கோபுரத்தை வெளிப்பக்கமாகத் தள்ளியது. தகரம் மெல்ல முனகியது.

"இன்னும் கொஞ்சம்" என்றான்.

பாஸ் என்னைக் கண்ணால் காட்டி அவனிடம் கேட்டார். "சேருக்குச் சொன்னீங்கதானே?"

"எல்லாம் சொல்லியாச்சு. நீங்க அந்த நட்டப் பாருங்க."

பொனட்டுக்கு இருக்கும் குறுகிய இடைவெளியைப் பற்றியே கேட்கிறார் என்று எண்ணி நானும் தலையாட்டினேன்.

கார் நேராக ஓடியது. அடுத்த ஆஸ்பத்திரி நாளில் அம்மா வளைவுகளில் கைப்பிடியைப் பற்றவே இல்லை. சில வாரங்களுக்குப் பின், வெளிநாட்டில் வேலை கிடைத்திருப்பதாக நண்பன் சொன்னான். தன் பங்கை நானே எடுத்துக்கொண்டால் அம்மாவுக்கு எந்நாளும் கார் இருக்கும் என்றான். அவன் கேட்ட விலையைக் கொடுத்து எடுத்துக்கொண்டேன். அவன் போகப்போகிறானே என்ற வருத்தம்தான் அன்று எனக்கு இருந்தது.

அதற்குப் பிறகு வந்த ஓர் ஆஸ்பத்திரி நாளில், மாத்தளைக்கு இறங்கும் வழியில், வளைவொன்றைக் கடக்கும்போது முன்னால் ஏதோ முறிந்த ஓசை கேட்டது. ஸ்டியரிங் கையிலிருந்து பறித்ததைப் போல வலப்பக்கம் இழுத்தது. எதிரே வாகனம் இல்லை என்பது மட்டுமே அன்று எங்களுக்கு வாய்த்தது. மிளகுக் கொடி படர்ந்த வேலியோரம் காரை நிறுத்திப் பொனட்டைத் திறந்தேன். இடக்கோபுரம் உட்பக்கம் சாய்ந்திருந்தது. தகட்டைச் சுற்றிப் புதிய வண்ணம் ஏடாகக் கழன்று வந்தது. அதற்கு அடியில் பள்ளத்தை நிரப்பும் சாம்பல் நிறப் பட்டிப் பசை, விரல் மொத்தத்தில். பட்டிக்கு அடியில் கிழிந்து, ஒட்டவைக்கப்பட்டு, மீண்டும் கிழிந்த தகரம்.

"என்னப்பா, டயரா?" என்று உள்ளிருந்து அம்மா கேட்டார்.

"ஆமாம்மா" என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. "இல்லம்மா. கார் இனி போகாது" என்றேன்.

வந்த பஸ்ஸை மறித்தேன். நடத்துநர் முன்னிருக்கையிலிருந்தவரை எழுப்பி அம்மாவை உட்காரவைத்தார். அன்றைய சிகிச்சை தவறவில்லை. ஆனால் அம்மா படுக்கையில் கிடந்த நேரம் முழுவதும் நான் வராந்தாவில் நின்று அந்தச் சாம்பல் நிறத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பாஸிடம் போனேன். அவர் மறைக்கவில்லை. புத்தாண்டுக்கு முன் கார் வில்கமுவ பக்கம் ஒரு மதகில் மோதியிருக்கிறது. டிராக்டரில் கட்டி இழுத்து வந்திருக்கிறார்கள். தகர வேலை வேறொரு இடத்தில் நடந்திருக்கிறது. "கோபுரத்த வெட்டி மாத்தணும்ன்னு நான் சொன்னேன் சேர். அவரு பார் போதும்ன்னாரு. பார் போடுறதுன்னா நாலு சக்கரமும் தரையில நிக்கிறப்பதான் போடணும். தூக்கி வச்சுத் தள்ளுனா, அது கிழிஞ்ச தகரத்தத் தள்ளிப் புடிச்சிக்கிட்டுத்தான் நிக்கும். சேருக்குத் தெரியும்ன்னுதான் நான் செஞ்சேன்."

வளைவில் காரை உறுதியாக்கும் என்று நான் நம்பிய பொருள், உடைந்ததை நேரானதாகக் காட்டுவதற்காக வாங்கப்பட்டது.

நண்பன் புறப்பட இன்னும் சில நாட்கள் இருந்தன. பாடசாலை மைதானத்து ஓரத்தில் அவனைச் சந்தித்தேன்.

"யாரு சொன்னா ஒனக்கு?" என்றான்.

"தகரம் சொல்லிச்சு."

அவன் மைதானத்தைப் பார்த்தபடி சொன்னான். "கல்யாண ஹயருக்குப் போனேன்டா. திரும்பி வாரப்ப ரோட்டுல பாதிக்கு நெல்லு காயப்போட்டிருந்தாங்க. மிதிக்க மனசு வரல. ஒதுக்குனேன், மதகுல ஏறிடிச்சி."

"அத எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நீ அம்மாவ அதுல ஏத்த மாட்டே. கோபுரம் மாத்துறதுன்னா மாசக்கணக்குல கராஜ்ல கெடக்கும். அது வரைக்கும் அம்மா எதுல போறது? யோசிச்சுப் பாரு. நான் அம்மாவுக்காகத்தான் மச்சான் பண்ணேன்."

அந்த வாதத்தை நான் உடனே தள்ளிவிடவில்லை. ஒரு செயலின் விளைவுகளை இரு பக்கமும் வைத்துப் பார்ப்பது என் பழக்கம். கார் கராஜில் நின்றிருந்தால் அம்மா பட்டிருக்கக்கூடிய துன்பம் உண்மையானது. ஆனால் அந்தத் துன்பத்தையும் ஆபத்தையும் நிறுத்துப் பார்க்கும் உரிமை அம்மாவுக்கும் எனக்கும் உரியது. அவன் எங்களுக்குப் பதிலாக நிறுத்துப் பார்த்தான். தராசையே எங்களுக்குக் காட்டவில்லை. அதன்பின் தன் பங்கையும் எங்களிடமே விற்றுவிட்டான்.

அப்போது இன்னொன்றும் புலப்பட்டது. "புத்தாண்டுக்கு முந்தி ஸ்கூலுக்குப் போறப்ப நீ முன் சீட்லதானே வருவே. பெறகு ஏன் பின்னால ஒக்காந்தே? என் சீட்டுக்குப் பின்னால, வலப்பக்கம்?"

"பிள்ளைங்க கொப்பி திருத்த எடம் வேணும்ன்னு..."

மதகில் மோதிய பக்கத்தில் அவன் அதன்பின் அமரவே இல்லை.

பிரியும்போது தாழ்ந்த குரலில் ஒரு யோசனை சொன்னான். "தம்புள்ளையில மரக்கறி யாவாரி ஒருத்தர் பழைய கார் தேடுறாரு. லேசா ஒட்டி, பெயின்ட் அடிச்சு, பாரோட குடு. பார் போட்ட கார்ன்னா ரேஸ் கார்ன்னு நெனச்சே வாங்கிட்டுப் போயிடுவாரு."

அந்த வியாபாரியின் வீட்டிலும் இடப்பக்க இருக்கையில் யாரோ ஒருவர் அமர்வார். காரைக் கட்டி இழுத்து பாஸின் கராஜுக்குக் கொண்டுபோனேன். நான்கு சக்கரமும் தரையில் நிற்க, தண்டை என் கையாலேயே கழற்றினேன். கடைசி நட்டு கழன்றதும் கோபுரம் இன்னும் சற்று உள்ளே சாய்ந்தது. வந்து பார்த்தவர்களிடமெல்லாம் அந்தக் கிழிசலைக் காட்டினேன். முழுக் காராக யாரும் கேட்கவில்லை. எஞ்சினும் கதவுகளும் கார்புரேட்டரும் உதிரிகளாகப் போயின.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மோதியதை, பட்டியை, பின் இருக்கையை. அவர் அழவில்லை, அவனைத் திட்டவும் இல்லை. எதையோ சரிபார்த்துக்கொள்பவரைப் போலக் கேட்டார்:

"ஆஸ்பத்திரிக்குப் போற காலையில கதவத் தொறந்து என்னய அந்த சீட்ல ஒக்கார வைக்கிறது அவந்தானே? பெல்ட்ட மாட்டிவிடுறதும் அவந்தானே?"

"ஆமாம்மா."

"சேலை மாட்டிக்காம, பதனமா எடுத்து விடுவான்" என்றார். அதற்கு மேல் அவனைப் பற்றி இன்றுவரை ஒரு சொல்லும் பேசியதில்லை. விமானம் ஏறுமுன் அவன் வாசல்வரை வந்தபோது, உடம்பு முடியவில்லை என்று சொல்லி உள்ளேயே படுத்துக்கொண்டார்.

இப்போது வாடகை ஆட்டோவில் போகிறோம். குலுக்கலுக்குப் பயந்து முன்கூட்டியே புறப்பட்டு, வழியில் நிறுத்தி நிறுத்திப் போகிறோம். ஓட்டுபவர் ஆளுக்கு ஆள் மாறுவார். ஏறுவதற்கு முன் அம்மா ஒவ்வொருவரிடமும் கேட்கிறார்: "தம்பி, இது எங்கயாச்சும் மோதியிருக்கா?"

சிலர் சிரிப்பார்கள். ஒருவர், "வண்டி வாங்கப் போறீங்களா அம்மா?" என்று கேட்டார். எல்லோரும் இல்லை என்றே சொல்கிறார்கள். அம்மா அவர்களுடைய முகத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு, போய்த்தான் ஆகவேண்டும் என்பதால், என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறுவார்.