பூட் மூடியில் தெரிந்த எழுத்து

குவீன்ஸ்டவுனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கை ஒட்டிய பலமாடி வாகன நிறுத்துமிடத்தில், ஒரு ஞாயிறு காலை என் காருக்கு நானே வேக்ஸ் போட ஆரம்பித்தேன். கார் கைமாறி வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. முன்பு வைத்திருந்தவர் தேக்காவில் துணிக்கடை நடத்தி ஓய்வுபெற்ற தமிழ் முஸ்லிம் பெரியவர், வீடு மார்சிலிங்கில்.

வேக்ஸை மெல்லிசாகத் தடவி, காய்ந்து வெள்ளையாகப் பூத்ததும் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். காரின் பின்பக்கப் பூட் மூடியில் தடவிவிட்டுத் தண்ணீர் குடித்துத் திரும்பினேன். கருநீலப் பெயிண்டில் வெள்ளையாக ஒரு சொல் தெரிந்தது. 'கழுவுங்க'.

விரலால் எழுதிய தமிழ். தூசி மேல் எழுதினால் மண்துகள் பெயிண்டைக் கீறிவிடுமாம், பிறகுதான் தெரிந்துகொண்டேன். இத்தனை நாள் கண்ணில் படாத கீறல்களில் வேக்ஸ் போய் உட்கார்ந்திருந்தது. 'ங்க' போட்டு மரியாதையாகக் குறை சொன்னவர் யாராக இருக்கும்? தெரிந்துகொள்ளாமல் துடைக்க மனம் வரவில்லை. படம் எடுத்துப் பெரியவருக்கு அனுப்பினேன்.

உடனே அழைத்தார். "அது என் மக வேலைம்மா. ஸ்கூல் படிக்கிறப்ப எழுதினா. நல்லா ஏசிட்டேன். இன்னைக்கு அவளோட அந்தப் பக்கம்தான் வர்றேன். வந்து பாக்கட்டுமா? துடைச்சிடாதீங்க."

மதியத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். மகளுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். குனிந்து நின்று நெடுநேரம் பார்த்தாள்.

"இது என் எழுத்து இல்ல, அத்தா. அன்னைக்கே சொன்னேன்ல."

"வேற யாரு எழுதுவா?"

"எனக்கு அப்ப 'ழ' எழுதவே வராது லா. எல்லாத்துக்கும் 'ல'தான் போடுவேன். டீச்சர்கிட்ட அதுக்கே தினம் ஏச்சு."

ஸ்பீக்கரைப் போட்டு வீட்டிலிருந்த அம்மாவை அழைத்தாள். விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பக்கமிருந்து சாவகாசமாகப் பதில் வந்தது.

"ஆமா, நான்தான் எழுதினேன். ரெண்டு வாரமா வாயால சொல்லிப் பாத்தேன், உங்க அத்தா கேக்கல. எழுதி வச்சிட்டு மறுநாள் ஊருக்குக் கிளம்பிட்டேன்."

"புள்ளையப் போட்டு ஏசினேனே, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றார் பெரியவர்.

"நீங்க ஏசினது எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் ஊர்ல இருந்தேனே. அவளும் சொல்லல."

போனை வைத்த பிறகு அவர் மகளைப் பார்த்தார். "ரெண்டு நாள் உன்கூடப் பேசக்கூட இல்ல."

"மூணு நாள்," என்றாள் அவள்.

நான் கையிலிருந்த துணியை மடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றேன். "தப்புதான்மா," என்று அவர் சொன்னது கேட்டது. நான் திரும்பியபோது அவள் அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அந்த எழுத்தைப் படம் எடுத்தாள்.

"அக்கா, இது போயிடுமா?"

"பாலிஷ் போட்டுத் தேய்ச்சா போயிடும். வேக்ஸ மட்டும் துடைச்சா உள்ளயே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது."

"உங்க காரு. உங்க இஷ்டம்."

அவர்கள் போனபின் துடைத்தேன். பளபளப்பு ஏற ஏற எழுத்து மறைந்தது. பாலிஷ் போடவில்லை. இடப்பக்கக் கதவுகள் இரண்டும் பாக்கி இருந்தன. அவற்றில் என்ன இருக்கிறதோ என்று சாப்பாட்டை மறந்து வேக்ஸ் தடவிக் காத்திருந்தேன். ஒன்றும் இல்லை. யாரோ பையை உரசியதில் விழுந்த கோடு ஒன்று மட்டும்தான்.