ஏழாம் நம்பர் விண்ணப்பம்

எங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பெரிய பதவியில் இருக்கும் பத்துப் பேரையும், எம்.டி.யையும் என்னையும் சேர்த்து, ஒரு சனிக்கிழமை காலை மும்பை செம்பூர் ஆபீஸுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நமக்கே தெரியாமல் மனசுக்குள் இருக்கும் ஓரவஞ்சனையைக் கண்டுபிடிக்கும் பயிற்சி. எனக்கு அப்படியெல்லாம் எதுவும் கிடையாது, லீவுதான் வீண் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பயிற்சி தர வந்தவர் புனேக்காரப் பெண். பெயரும் முகவரியும் இல்லாமல் டைப் செய்த பத்து வேலை விண்ணப்பங்களைப் பிரதியெடுத்து ஆளுக்கு ஒரு கட்டாகக் கொடுத்தார்.

"பத்து நிமிஷம். யாரை இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவீர்கள், யாரைக் கூப்பிட மாட்டீர்கள், பிரித்து வையுங்கள்."

நான் நாலே நிமிஷத்தில் முடித்தேன். இருபது வருஷமாக ஆள் எடுத்த பழக்கம்.

"ஏழாம் நம்பரைப் பற்றி யார் சொல்கிறீர்கள்?"

எழுந்தேன். "பன்னிரண்டாவதுக்குப் பிறகு இரண்டு வருஷத்தைக் காணோம். காலேஜும் ஈவினிங் காலேஜ். மார்க் சுமார். இந்த ஆள் ஆறு மாசம் தாங்க மாட்டான்."

எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த உற்சாகத்தில் கடைசி வரியையும் சத்தமாகப் படித்தேன். "ஹாபி: கேரம், நேர்மை."

அறையே சிரித்தது. எம்.டி. கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் சிரித்தேன், பாதியில் நிறுத்தி அந்த வரியைத் திரும்பப் படித்தேன். ஹாபி என்றால் நல்ல பழக்கம் என்று நினைத்து அப்படி எழுதிய ஒருவனை எனக்கு நன்றாகத் தெரியும். கண் மேலே ஓடியது. அந்த இரண்டு வருஷத்துக்கு நேராக, அவசரத்தில் நான் படிக்காமல் தாண்டிய இடத்தில், 'தோல் பை பட்டறையில் வேலை' என்று இருந்தது. அப்பா படுத்த படுக்கையாகிவிட, தாராவியில் நான் பை தைத்த வருஷங்கள்.

உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த அக்கவுண்ட்ஸ் தலைவர், மாட்டுங்காவில் குடியிருக்கும் அம்மாள், தமிழில் கிசுகிசுத்தார். "ஏன் சார் இப்படி வேர்க்கறது? ஏசியைக் கூட்டச் சொல்லட்டுமா?"

ஏழாம் நம்பர் வேண்டாம் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார் புனேக்காரர். பத்துக் கைகளும் உயர்ந்தன. என்னுடையதும்தான்.

"நல்லது. இதெல்லாம் உங்கள் பழைய ஃபைல்களிலிருந்து எடுத்தது. பத்துப் பேரும் இந்த அறையில்தான் இருக்கிறீர்கள்."

எம்.டி. அவசரமாகத் தன் கட்டைப் புரட்டினார். மற்றவர்கள் மெல்லத் திரும்பி அட்மின் தலைவரைப் பார்த்தார்கள். மராத்தி மீடியத்தில் படித்த சாது மனிதர். "நான் இல்லை! எனக்குக் கேரமே ஆடத் தெரியாது!" என்று பதறினார்.

அவர் படும் பாட்டைப் பார்க்க முடியவில்லை. "அது நான்தான்," என்றேன்.

"நீங்களா? பட்டறையிலா? சயானில் வளர்ந்தவர்தானே நீங்கள்?" என்றார் எம்.டி.

"கௌரவத்துக்குச் சயான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன் சார். வீடு பக்கத்தில், தாராவியில்."

"அடப்பாவமே, எங்கிட்டகூடச் சொல்லலையே!" என்று மாட்டுங்கா அம்மாள் தமிழிலேயே கத்திவிட்டார்.

திங்கட்கிழமை நிஜ விண்ணப்பங்கள் நாற்பது வந்தன. ஒரு வரி விடாமல் படிக்க ஆரம்பித்தேன். வியாழக்கிழமை எச்.ஆர். பெண் போன் செய்தாள்.

"சார், அரை மணியில் முடிப்பீர்களே, உடம்பு சரியில்லையா?"

இன்னும் பாதி பாக்கி என்றேன். ஒருவருக்கு மூன்று வருஷ இடைவெளி இருந்தது. குடும்பத்தில் என்ன கஷ்டமோ என்று நானே போன் போட்டு, தயங்கித் தயங்கி விசாரித்தேன்.

"சும்மாதான் சார். வீட்டில் தூங்கினேன்," என்றார்.

விண்ணப்பத்தின் ஓரத்தில் 'நேர்மை' என்று குறித்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமை இன்டர்வியூவுக்கு வாருங்கள் என்று சொல்லி வைத்தேன்.