கண்ணாடித் துண்டு ஒட்டிய சுவர்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து நாற்பதுக்கு, அருப்புக்கோட்டையில் நடந்த பொறியாளர் கூட்டத்தில், திரையில் எங்கள் வீட்டுச் சுவர் தெரிந்தது.

திருச்சுழிப் பக்கம் கரிசல் மண்ணில் கட்டிய வீடு. கோடையில் சுவரில் விரிசல் விடும். மழை பெய்தால் மூடிக்கொள்ளும். சிவில் படிக்கும் என் மகள் விரிசல் அசைந்தால் உடையும்படி அதன் குறுக்கே கண்ணாடித் துண்டுகளை ஒட்டினாள். விடுதியிலிருந்து வாராவாரம் வந்து, எது உடைந்திருக்கிறது என்று பார்த்துச் சுவரிலேயே பென்சிலால் தேதி எழுதினாள். இதே பொறியாளர்களின் அடுத்த மாதக் கூட்டத்தில் அதைப் பற்றி அவள் பேசுவதாக அழைப்பிதழிலும் போட்டிருந்தார்கள். கூட்டம் எப்படி நடக்கும் என்று பார்க்க நான் முன்னால் வந்திருந்தேன், அவள் விடுதியிலிருந்து வருவதாக இருந்தது.

மேடையில் நின்றவர் எங்கள் வீட்டைக் கட்டிய பொறியாளர். இருபது வருடப் பழக்கம். "பிள்ள எழுதுனத அனுப்புங்கண்ணே, தப்பிருந்தா திருத்தித் தாரேன்" என்று கேட்டிருந்தார். மகள் மேடையில் தடுமாறிவிடுவாளோ என்ற பயத்தில், அவளிடம் சொல்லாமலே அவளுடைய குறிப்பு, படம் எல்லாவற்றையும் அனுப்பிவிட்டேன்.

"இது என்னோட ஒரு வருஷ ஆய்வு" என்றார் அவர். எல்லோரும் கைதட்டினார்கள்.

டீ குடிக்கக் கலைந்தபோது போய்க் கேட்டேன். சிரித்தார். "வீடு நான் கட்டுனதுதானண்ணே?"

அவரை நம்பியதைவிட, மகளை நம்பாததுதான் இன்றும் உறுத்துகிறது.

அப்போதுதான் மகள் பஸ்ஸில் வந்து இறங்கி உள்ளே நுழைந்தாள். திரையில் அவளுடைய பென்சில் எழுத்து இன்னும் இருந்தது. அவரை அவள் பார்க்கவேயில்லை. என்னிடம் வந்தாள்.

"இந்தப் படம் நம்ம ரெண்டு பேரு போன்லதானப்பா இருந்துச்சு?"