குண்டு போட ஆளில்லாத டாங்கி

நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். ராத்திரியில் நடந்திருந்தால் நானும் கனவென்று தள்ளியிருப்பேன். ஆனால் நடந்தது பட்டப்பகலில், உரால் மலைக்கு அப்பால், பனி மூடிய சுடுகளத்தில்.

புது டாங்கியில் மூன்றே பேர். பழையதில் பீரங்கிக்குள் குண்டு போடத் தனி ஆள் இருப்பான். போட்டுவிட்டு விலகி நின்று, "தயார்!" என்று கத்துவான். கேட்டதும் நான் சுடுவேன். மூளையைக் கேட்காமலே அழுத்த என் விரல் பழகியிருந்தது. மூளைக்கும் அதில் வருத்தமில்லை. இப்போது அந்த ஆளுக்குப் பதில் ஓர் இயந்திரம். குண்டு ஏறினால் விளக்கு எரியும். அவ்வளவுதான்.

"இரும்பு, நடுவுல கண்ணாடி இழை, மறுபடி இரும்பு!" என்று கவசத்தைத் தட்டி என்னிடம் பீற்றிக்கொண்டான் ஓட்டுநர் இல்துஸ். "வெளியேருந்து ஒண்ணும் உள்ள வராது, ஸகார்!"

"வாயை மூடுடா," என்றார் கேப்டன் சவ்ராசவ்.

முதல் குண்டு ஏறியது. டக்... டக்... விளக்கு எரிந்தது.

"தயார்."

காதுபோனில். அடித்தொண்டையிலிருந்து. கடித்துக் குதறுவதுபோல.

"எவன்டா அது?" என்றார் கேப்டன்.

"நான் இல்ல, தோழர் கேப்டன்! வாய் நிறைய சூரியகாந்தி விதை!" என்றான் இல்துஸ்.

சுட்டேன். இரண்டாவது குண்டுக்கும் அதே குரல். இம்முறை எனக்கும் கேப்டனுக்கும் நடுவிலிருந்து... அங்கே பீரங்கியைத் தவிர எதுவும் இல்லை.

மூன்றாவது ஏறியது. ஆனால் முந்தைய குண்டைச் சுட்டபின் மிஞ்சிய இரும்பு அடித்தட்டு பீரங்கிக்குப் பின்னால் விழுந்து சிக்கிக்கொண்டது. சுட்டால் பீரங்கி பின்னுக்கு உதைக்கும். அங்கே கை இருந்தால், கை இருக்காது.

"சுடுற சுவிட்சை அணை," என்று சொல்லிவிட்டுக் கேப்டன் தட்டை எடுக்கக் கையை உள்ளே விட்டார். அணைத்தேன்.

மூச்சு. என் கன்னத்தருகே. சில்லென்று.

"தயார்."

விரல் துடித்தது. இரண்டு கைகளையும் தொடைக்கடியில் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

"தயார்... தயார்டா..."

கேப்டன் வெடுக்கென்று கையை இழுத்தார்.

பீரங்கி தானாகவே சுட்டது.

உள்ளே... அவருடைய கையுறை மட்டும். நசுங்கி.

பட்டறையில் பிரித்துப் பார்த்தார்கள். சுவிட்ச் அணைந்தே இருந்தது. கோளாறு எதுவும் இல்லை.

அன்று மாலை கேப்டன் தேநீரோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அந்தக் குரல் தெரியுமா, தோழர் கேப்டன்?"

"யெர்மொலாய். பழைய டாங்கியில குண்டு போட்டவன். நான் அப்ப உன் சீட்டுல." கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, "அவன் தயார்னு சொல்றதுக்கு முன்னாடியே சுட்டுட்டேன். பீரங்கி உதைச்சதுல செத்துட்டான்டா."

என் கையுறையில் ஒன்றைக் கழற்றி நீட்டினேன். வாங்கிக் கையில் மாட்டிக்கொண்டார்.

மறுநாள் காலையும் சுடுவது எங்கள் முறைதான்.